கைஸர்ரைக்: முதல் உலகப் போரில் ஜெர்மனி வென்றிருந்தால்

போர் வியூகக் கணினி விளையாட்டுகளுக்கு ரசிகர்கள் எழுதும் மாற்று வரலாறுகளில் பெரும்பாலானவை, தோற்ற நாட்டை வென்ற நாடாக்கி, வரைபடத்தில் அதன் நிறத்தை நாலாபுறமும் பரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 விளையாட்டுக்காக எழுதப்பட்ட கைஸர்ரைக் என்ற ரசிகர் தொகுப்பு (மாட்) அந்த வகையில் சேராது. முதல் உலகப் போரில் ஜெர்மனி வென்றிருந்தால் 1936-இல் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, அதன் விளைவுகளைப் பெர்லின் பங்குச் சந்தை, பிரெஞ்சுத் தொழிற்சங்க மாநாடு, வியன்னா அரசவை, சிகாகோ ஆலைத் தெரு என்று ஒவ்வோர் இடமாகத் தேடிப்போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இதை நான் பல ஆண்டுகளாக விட்டு விட்டு ஆடிவருகிறேன். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை மூடிய பிறகு உண்மையான வரலாற்றைப் படிக்கத் தூண்டிய விளையாட்டு எனக்கு இது ஒன்றுதான்.

அறியாதவர்களுக்காகச் சில அடிப்படைச் செய்திகள். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4, ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் 2016 ஜூன் 6 அன்று வெளியிட்ட விளையாட்டு. 1936 ஜனவரி முதல் நாள் தொடங்கி, ஏதேனும் ஒரு நாட்டின் அரசியல், தொழில், ராணுவம் மூன்றையும் நாம் நடத்த வேண்டும். கைஸர்ரைக் அதைவிட மூத்தது. 2005-இல் வந்த இரண்டாம் பாகத்துக்காக முதலில் எழுதப்பட்டு, பின்னர் 2011-இல் வந்த டார்க்கஸ்ட் ஹவர் விளையாட்டுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து நான்காம் பாகத்துக்கு வந்து சேர்ந்தது. எழுதுபவர்கள் அனைவரும் சம்பளம் வாங்காத ரசிகர்கள். மூல விளையாட்டு கையில் இருந்தால் போதும். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையதளத்தின் ஒர்க்‌ஷாப்பில் இத்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. மூல விளையாட்டுக்குத் தனியாக விற்கப்படும் கூடுதல் தொகுப்புகள் இல்லாமலும் இது ஓடும்.

மாற்று வரலாற்றில் எல்லாமே எந்த இடத்தில் பாதை பிரிகிறது என்பதைப் பொறுத்தது. கைஸர்ரைக் தேர்ந்தெடுத்த இடம் மிகவும் கூர்மையானது. 1917 ஜனவரி 9 அன்று ப்ளெஸ் கோட்டையில் கூடிய ஜெர்மன் தலைமை, நீர்மூழ்கிக் கப்பல்களின் மீதிருந்த கட்டுப்பாடுகளை எல்லாம் நீக்கி, எந்த நாட்டு வணிகக் கப்பலையும் எச்சரிக்கை இன்றி மூழ்கடிக்கலாம் என்று முடிவு செய்தது. மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்தே மாதங்களில் பிரிட்டன் பணிந்துவிடும் என்று கடற்படைத் தளபதி ஹோல்ட்ஸெண்டார்ஃப் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். பிப்ரவரி 1 அன்று அந்தப் போர் தொடங்கியது. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா ஜெர்மனியின் மீது போர் தொடுத்தது. மூழ்கிய கப்பல்களின் அளவில் ஹோல்ட்ஸெண்டார்ஃபின் கணக்கு பலிக்கவே செய்தது, ஏப்ரலில் அது 8 லட்சம் டன்னையும் தாண்டியது. ஆனால் பிரிட்டன் பணியவில்லை. கைஸர்ரைக்கில் அந்தக் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர் நடக்கவில்லை, அமெரிக்காவும் போருக்குள் வரவில்லை. மற்றவை எல்லாம் இந்த ஒரு மாற்றத்தின் வழியே வருகின்றன.

இது வெறும் கற்பனை வசதிக்காக எடுக்கப்பட்ட இடம் அன்று என்பதை வலியுறுத்தியே சொல்ல வேண்டும். 1916-இன் இறுதியில் பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்கக் கடனில்தான் போரை நடத்திக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் வாரியம், போரிடும் நாடுகளுக்கு ஈடு இல்லாமல் கடன் கொடுப்பதைப் பற்றித் தன் வங்கிகளை வெளிப்படையாக எச்சரித்தது. அடுத்த ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி நிவேலின் தாக்குதல் தோற்ற பிறகு பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் பலவற்றில் வீரர்கள் முன்னணிக்குச் செல்ல மறுத்தார்கள். பணமும் மனவுறுதியும் ஒருசேரக் கரைந்துகொண்டிருந்த நேரத்தில் அமெரிக்கா வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது வரலாற்று மாணவன் கேட்கக்கூடிய கேள்விதான். தொகுப்பின் கதையில் 1919-இல் பிரான்ஸ் வீழ்கிறது. தோல்வியின் கோபத்தில் அங்கே தொழிற்சங்கப் புரட்சி வெடிக்கிறது. பழைய குடியரசின் மிச்சம் அல்ஜீரியாவுக்குத் தப்பிச் செல்கிறது. 1921-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் கௌரவமான சமாதானம் என்ற பெயரில் கை குலுக்கிக்கொள்கின்றன. 1925-இல் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் ஒன்று பிரிட்டனிலும் புரட்சியாக மாற, அரச குடும்பம் கனடாவில் அடைக்கலம் புகுகிறது.

இந்தச் சங்கிலியில் எனக்குள்ள தீராத ஐயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி 1921 வரை தாக்குப்பிடித்திருக்குமா? 1916-17 குளிர்காலத்தை ஜெர்மானியர்கள் டர்னிப் குளிர்காலம் என்றே அழைத்தார்கள். உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து, மாட்டுக்குப் போடும் கிழங்கை மனிதர்கள் தின்ற காலம் அது. 1918 ஜனவரியில் பெர்லினில் ஆயுதத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆஸ்திரியாவின் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகை, அமெரிக்கா வந்தாலும் வராவிட்டாலும் இருக்கவே செய்யும். தொகுப்பை எழுதியவர்கள் உக்ரைனின் தானியத்தைக் கொண்டு இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறார்கள். 1918-இல் அங்கிருந்து எதிர்பார்த்ததில் மிகச் சிறு பகுதிதான் உண்மையில் வந்து சேர்ந்தது என்பதை அறிந்தவனுக்கு அந்த அடைப்பு ஒழுகுவது தெரியும். ஆனாலும் இந்த ஒரு பலவீனத்தை ஏற்றுக்கொண்டு உள்ளே நுழைந்தால், அதற்கப்பால் கதை தன் சொந்தக் கால்களில் உறுதியாக நிற்கிறது.

அதற்குக் காரணம், ஜெர்மனி வென்ற பிறகு அமைக்கும் உலகத்தை ஆசிரியர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரதமர் பெத்மன் ஹோல்வெக்கின் அலுவலகம் 1914 செப்டம்பரில் வரைந்த போர் நோக்கக் குறிப்பிலேயே, ஜெர்மனியின் தலைமையில் மத்திய ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டும், ஆப்பிரிக்காவின் நடுவே ஒரு தொடர்ச்சியான காலனிப் பேரரசும் இடம்பெற்றிருந்தன. விளையாட்டில் மிட்டல்யூரோப்பா, மிட்டல்ஆஃப்ரிக்கா என்று வருபவை அவையே. 1918 மார்ச் 3 அன்று கையெழுத்தான பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தம் ரஷ்யாவிடமிருந்து வெட்டியெடுத்த நாடுகள்தான் கிழக்கு எல்லையில் வரிசையாக நிற்கின்றன. லித்துவேனியாவைச் சொடுக்கிப் பார்த்தால் அங்கே ஜெர்மனியின் உராக் வம்சம் ஆள்கிறது. இது என்ன விபரீதக் கற்பனை என்று முதலில் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, 1918 ஜூலையில் லித்துவேனிய மன்றம் உராக் இளவரசர் வில்ஹெல்மை இரண்டாம் மிண்டாவ்காஸ் என்ற பெயரில் உண்மையிலேயே அரசராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஜெர்மனி தோற்கப்போவது உறுதியானதும் நவம்பரில் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்துவிட்டது. நான்கே மாதம் காகிதத்தில் மட்டும் இருந்த ஓர் அரசை எடுத்து, அது நிலைத்திருந்தால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறார்கள். இத்தகைய இடங்கள் தொகுப்பு முழுவதும் விரவிக் கிடக்கின்றன.

மனிதர்களைக் கையாண்டிருக்கும் விதத்தைத்தான் இத்தொகுப்பின் மிகப் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன். ஆஸ்வால்ட் மோஸ்லி நாம் அறிந்த வரலாற்றில் 1932-இல் பிரிட்டிஷ் ஃபாசிஸ்டுக் கட்சியைத் தொடங்கியவர். ஆனால் 1930 வரையில் தொழிற்கட்சி அரசில் அமைச்சராக இருந்தவரும் அவர்தான். முசோலினி 1914 வரை இத்தாலிய சோஷலிஸ்டுக் கட்சியின் நாளேட்டுக்கு ஆசிரியர். புரட்சி வென்ற பிரிட்டனிலும் இத்தாலியிலும் இவர்கள் எங்கே இருந்திருப்பார்கள்? செங்கொடியின் கீழேயே, அதே அதிகார வெறியோடு, எல்லாத் தொழிற்சங்கங்களையும் ஒரே கைப்பிடிக்குள் கொண்டுவரத் துடிக்கும் தலைவர்களாக இருந்திருப்பார்கள் என்பது கைஸர்ரைக் தரும் விடை. மனிதனின் சுபாவம் அப்படியே இருக்க, அவன் உடுத்தும் கொள்கை மட்டும் காலத்துக்குத் தகுந்தபடி மாறுகிறது. இதை ஒரு வரி விளக்கம்கூட எழுதாமல், அவர்களை உரிய நாற்காலியில் உட்கார வைத்தே புரிய வைத்துவிடுகிறார்கள்.

இறந்தவர்கள் திரும்பி வருவது அதனினும் மனத்தைத் தொடுகிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ரீட் 1920 அக்டோபரில் மாஸ்கோவில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். லூசியானா மாநில அரசியல்வாதி ஹ்யூயி லாங் 1935 செப்டம்பரில் பேட்டன் ரூஜில் சுடப்பட்டு இறந்தார். ரஷ்யப் புரட்சியாளர் போரிஸ் சாவின்கோவ் 1925-இல் லுப்யங்கா சிறையில் உயிரிழந்தார். கைஸர்ரைக்கில் மூவரும் உயிரோடு இருக்கிறார்கள். மூவரின் பின்னாலும் லட்சக்கணக்கானோர் திரள்கிறார்கள். அமெரிக்க அதிபர் தேர்தலின் வேட்பாளர் பட்டியலில் ரீடின் பெயரையும் லாங்கின் பெயரையும் எதிரெதிரே முதன்முதலாகப் பார்த்தபோது ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காய்ச்சலும் ஒரு துப்பாக்கிக் குண்டும் குறுக்கிட்டிராவிட்டால் என்ற எண்ணம், எத்தனையோ பக்கங்கள் படித்தும் வராத தெளிவோடு அந்த ஒரு பட்டியலில் வந்து நின்றது.

இந்த உலகத்தில் ரஷ்யப் புரட்சி தோற்றுவிட்டதால், இடதுசாரி இயக்கத்தின் மையம் மாஸ்கோவிலிருந்து பாரிஸுக்கு மாறுகிறது. லெனினின் கட்சி வழிக்குப் பதிலாக, தொழிற்சங்கங்களே உற்பத்தியையும் ஆட்சியையும் எடுத்து நடத்த வேண்டும் என்ற சிண்டிகலிசம் ஓங்குகிறது. பிரெஞ்சுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான சி.ஜி.டி. 1906-இல் அமியன் மாநாட்டில், தொழிற்சங்கம் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாது என்று நிறைவேற்றிய சாசனத்தின் நீட்சி இது. மூல விளையாட்டு உலகின் அரசியலையெல்லாம் ஜனநாயகம், கம்யூனிசம், ஃபாசிசம், நடுநிலை என்ற நான்கு பெட்டிகளுக்குள் அடக்கிவிடும். கைஸர்ரைக் அதைப் பத்தாக விரிக்கிறது. சர்வாதிகாரச் சோஷலிஸ்டும் சிண்டிகலிஸ்டும் தீவிரச் சோஷலிஸ்டும் மூன்று தனித்தனி அணிகள். சந்தைத் தாராளவாதியும் சமூகத் தாராளவாதியும் வேறு வேறு. எண்ணிக்கைப் பெருக்கமாக மட்டும் இது நின்றுவிடவில்லை. புரட்சிக்குப் பிந்தைய பிரான்சான பிரெஞ்சுக் கம்யூனை ஆடும்போது, எதிரியான ஜெர்மனியைவிடச் சொந்த மாநாட்டில் எதிர்வரிசையில் அமர்ந்திருக்கும் தோழர்களைச் சமாளிப்பதே கடினமாகிவிடுகிறது.

ஆட்டத்துக்கு வருவோம். மூல விளையாட்டைப் போலவே இங்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தேசிய இலக்குகள் ஒரு மரம்போலக் கிளைவிட்டு நிற்கின்றன. ஓர் இலக்கை எடுத்தால் அதை முடிக்க 35 நாளோ 70 நாளோ ஆகும். மூல விளையாட்டில் பல நாடுகளின் இலக்கு மரம் போருக்கான ஆயத்தப் பட்டியலாகவே இருக்கும். இங்கே அது நாட்டின் நோய்களுக்கான மருந்துச் சீட்டு. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1936 தொடங்கிச் சில வாரங்களில் பெர்லின் பங்குச் சந்தை சரிகிறது. கறுப்புத் திங்கள் என்று தலைப்பிட்ட அறிவிப்பு திரையில் விழுந்த கணத்திலிருந்து, உலகின் முதல் வல்லரசாக இருந்த நாடு கடன்பட்ட குடும்பம்போல ஒவ்வோர் ஆலையையும் எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியதாகிறது. பெர்லினோடு பொருளாதாரத்தில் பிணைந்த சிறு நாடுகளும் அதோடு சேர்ந்து தள்ளாடுகின்றன. அடுத்த மூன்று ஆண்டுகள் தொழிலைத் தூக்கி நிறுத்துவதா, படையைப் புதுப்பிப்பதா, தொலைதூரக் காலனிகளைக் காப்பதா என்ற இழுபறிதான். மேற்கே பிரெஞ்சுக் கம்யூன் ஜெர்மனியிடம் உள்ள அல்சேஸ்-லொரேன் பகுதியை மீட்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. கிழக்கே சாவின்கோவின் ரஷ்யா பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்கின் அவமானத்துக்குப் பழி தீர்க்கக் காத்திருக்கிறது. வென்றவனின் அச்சத்தை இவ்வளவு நெருக்கமாக உணர்த்திய விளையாட்டை நான் வேறு ஆடியதில்லை.

அமெரிக்காவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தொகுப்பின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிவது அங்கேதான். போரில் சேராததால் ஐரோப்பாவுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல், அமெரிக்கா பத்தாண்டு மந்தத்தில் மூழ்கிக் கிடக்கிறது. வடக்கே ஆலை நகரங்களில் ரீடின் சிண்டிகலிஸ்டுகள், தெற்கே லாங்கின் ஆதரவாளர்கள், நடுவில் வாஷிங்டன். 1936 நவம்பர் தேர்தலில் யார் வென்றாலும் தோற்றவர்கள் ஏற்பதில்லை. இருக்கும் சில மாதங்களில் எந்த மாநிலத்தில் எந்தப் படைப்பிரிவை (டிவிஷனை) நிறுத்துவது, எந்தக் கிடங்கைக் காலி செய்வது, ராணுவத் தளபதி மக்கார்தரின் கையை எவ்வளவு தூரம் நீள விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். நான் முதல் முறை ஆடியபோது, படைகளைப் பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில் வைப்பதே பாதுகாப்பு என்று நினைத்துப் வடக்கே உள்ள பெரிய ஏரிகளைச் சுற்றி நிறுத்தியிருந்தேன். 1937-இல் போர் மூண்ட அன்று அந்த நகரங்கள் எதிரியின் நிறத்துக்கு மாறின. அங்கே நின்ற என் படைகளில் பல அவர்களோடு போய்விட்டன. தொழிற்சாலைகளின் எண்ணிக்கை கண்ணெதிரே சரிந்தது. தலைநகருக்கு வடக்கே ஒரு பகைவன், தெற்கே இன்னொரு பகைவன். துப்பாக்கி உற்பத்திப் பட்டியலைத் திறந்து பார்த்தால், பயிற்சியில் இருக்கும் டிவிஷன்களுக்குக்கூடப் போதாது. மேற்குக் கடற்கரை தனியாகப் பிரிந்து போகலாமா என்று யோசிக்கிறது. நியூ இங்கிலாந்தைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வதாகக் கனடாவிடமிருந்து அறிவிப்பு வருகிறது. உதவியா ஆக்கிரமிப்பா என்று அந்த நேரத்தில் எனக்கு உண்மையாகவே புரியவில்லை, மறுத்துச் சண்டையிட ஒரு டிவிஷனும் மிச்சமில்லை.

அந்த ஆட்டத்தில் தோற்றேன். தோற்றதில் ஒரு குறையும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. அடுத்த முறை எல்லாவற்றையும் கவனமாகச் செய்து, மந்தத்தைத் தணித்து, இரு தரப்பையும் சமாதானப்படுத்த முயன்றபோதும் போர் வந்தே தீர்ந்தது. தொகுப்பின் கதையோட்டத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் அநேகமாக விதிக்கப்பட்ட ஒன்று. நம் செயலால் அதன் உருவத்தை மாற்ற முடிகிறதே தவிர, அதைத் தவிர்ப்பது எனக்குக் கைகூடவில்லை. கறுப்புத் திங்களும் அப்படித்தான். ஒரு முடிவு மாறினால் உலகமே மாறும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட படைப்பு, 1936-க்குப் பிறகு ஆட்டக்காரன் எடுக்கும் சில முக்கியமான முடிவுகளுக்கு அதே மரியாதையைத் தர மறுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அமெரிக்கா அமைதியாக இருந்துவிட்டால் அதன் தொழில்வலு மற்ற எல்லாரையும் விழுங்கிவிடும், ஆட்டத்தின் சமநிலை கெடும் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மிகக் கடினமான, நூற்றில் ஒருவருக்கே கிட்டும் ஒரு சமாதானப் பாதை தெளிவாக இருந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மற்ற நாடுகளில் ஆஸ்திரிய-ஹங்கேரி தனிச்சிறப்பு உடையது. 1867-இல் வியன்னாவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின் பொருளாதாரப் பகுதிகளைப் பத்தாண்டுக்கு ஒரு முறை பேசிப் புதுப்பிக்க வேண்டும் என்பது வரலாற்று உண்மை. அந்தக் கணக்கின்படி அடுத்த தவணை 1937. ஆட்டம் தொடங்கி ஓராண்டு கழிந்ததும் அந்தத் தவணை வந்து நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்காமல் பேரரசு உடைந்து போகக்கூடிய அந்தப் பேச்சுவார்த்தை, எந்தப் போர்முனைக்கும் குறையாத பதற்றத்தைத் தருகிறது. சீனாவில் போர்த்தளபதிகள் ஆளுக்கொரு மாகாணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர்களையும் உறவுகளையும் மனத்தில் நிறுத்தவே சில மாலைகள் ஆகும். இந்தியா மூன்றாகப் பிளந்து கிடக்கிறது: டெல்லியில் நாடிழந்த பிரிட்டிஷ் முடியாட்சியோடு இன்னும் தொடர்பு வைத்திருக்கும் டொமினியன், கல்கத்தாவை மையமாகக் கொண்ட பாரதீய கம்யூன், தெற்கே ஹைதராபாத் நிஜாம் முதலான மன்னர்களின் கூட்டமைப்பு. 560-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்த ஒரு நாட்டில், லண்டனில் ஆட்சி கவிழ்ந்த மறுநாள் மன்னர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பது நம் வரலாற்று நூல்கள் அதிகம் கேட்காத கேள்வி. அதை ஒரு விளையாட்டு கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி.

குறைகளில் மிகவும் கனமானது எழுத்தின் அளவு. அறிவிப்புப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பல நல்ல உரைநடை, சில மிக நல்ல உரைநடை. ஆனால் போர் உச்சத்தில் இருக்கும்போது எங்கோ ஒரு சிறு நாட்டின் அமைச்சரவை மாற்றத்தைப் பற்றி மூன்று பத்தி வந்து திரையை மறைத்தால், படிக்காமல் மூடுவதைத் தவிர வழியில்லை. மூடிய பெட்டியில் ஒருவேளை நமக்கு வேண்டிய செய்தி இருந்திருக்கலாம். எந்த இலக்கு எந்தப் பாதையைத் திறக்கும், எதை எடுத்தால் எது நிரந்தரமாக மூடிக்கொள்ளும் என்பதும் பல நாடுகளில் தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஒரு முறை தோற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அடுத்தது வேகம். மூல விளையாட்டே 1940-களை எட்டும்போது மெதுவாகிவிடும் இயல்புடையது. உலகெங்கும் நூற்றுக்கணக்கான டிவிஷன்கள் நடமாடும்போது கணினி மூச்சுத் திணறுவது இயற்கை. கைஸர்ரைக்கில் நாடுகளின் எண்ணிக்கையும் பின்னணியில் ஓடும் நிகழ்வுகளும் கூடுதல் என்பதால் அந்தத் தளர்ச்சி இன்னும் முன்னதாகவே தெரிகிறது. கணினி நடத்தும் எதிராளிகளின் போர்த்திறன் மூல விளையாட்டைவிட மேம்பட்டதென்று சொல்ல முடியாது. 2021 இறுதியில் மூல விளையாட்டில் ரயில் பாதைகளும் வழங்கல் மையங்களும் வந்த பிறகு, பாலைவனத்திலோ மலையிலோ டிவிஷன்களைக் குவித்துவைத்துப் பட்டினி போடும் எதிராளியை அடிக்கடி பார்க்கிறேன். அது ரசிகர்களின் பிழையன்று. ஆனால் ஆப்பிரிக்கப் போர்முனைகளில் அதனால் கதையின் கனம் குறைந்துவிடுகிறது.

மிட்டல்ஆஃப்ரிக்காவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜெர்மனி 1904 முதல் 1908 வரை தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரெரோ, நாமா மக்களுக்குச் செய்த கொடுமை இனப்படுகொலை என்று இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. அத்தகைய ஆட்சி கண்டத்தின் நடுப்பகுதி முழுவதும் பரவி இருபதாண்டு நீடித்தால் அங்குள்ள மக்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை, ஐரோப்பியத் தொழிலாளியின் வாழ்க்கைக்குக் காட்டிய அதே அக்கறையோடு எழுதியிருக்க வேண்டும். நான் ஆடிய அளவில், அங்கே ஆளுநர்களின் பேராசை தெரிகிற அளவுக்கு ஆளப்படுபவர்களின் முகம் தெரியவில்லை. மாற்று வரலாற்றை இவ்வளவு பொறுப்போடு எழுதுபவர்களிடம் இதை எதிர்பார்ப்பது அதிகமாகாது.

இதே விளையாட்டுக்கான ரசிகர் படைப்புகளில் 2020-இல் வந்த தி நியூ ஆர்டர் பெரும்பாலும் இதனோடு ஒப்பிடப்படுகிறது. 1962-இல் தொடங்கும் அந்தத் தொகுப்பு, படைகளை நடத்துவதைவிடக் கதையைப் படிப்பதையே முதன்மையாகக் கொண்டது. இருட்டான, கனத்த கதை. படிக்க மட்டும் விரும்புபவர்களுக்கு அது பிடிக்கலாம். போரும் அரசியலும் ஒன்றையொன்று இழுப்பதைக் கையால் உணர வேண்டுமானால் கைஸர்ரைக்கே சரி என்பது என் கருத்து.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் மூல விளையாட்டை இருபது, முப்பது மணி நேரமாவது ஆடி, டிவிஷன் அமைப்பு, உற்பத்தி வரிசை, வழங்கல் ஆகிய மூன்றும் கைக்குப் பழகிய பிறகு இதற்கு வருவது நல்லது. இங்கே அவற்றைக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. பெயரைப் பார்த்து ஜெர்மனியை முதலில் எடுக்க வேண்டாம். கறுப்புத் திங்களும் இரண்டு போர்முனைகளும் சேர்ந்து புதியவரைச் சோர்வடையச் செய்துவிடும். பிரெஞ்சுக் கம்யூன் நல்ல தொடக்கம்: எதிரி யாரென்று தெளிவாகத் தெரியும், ஆயத்தம் செய்யப் போதிய காலம் உண்டு, உள் அரசியலும் சுவையானது. மூல விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் தொகுப்பு அதற்கு ஒத்துப்போகச் சில நாள் ஆகும். அதுவரை சேமித்துவைத்த ஆட்டம் திறக்காமல் போகலாம் என்பதால், நீண்ட ஆட்டத்தின் நடுவில் இருப்பவர்கள் ஸ்டீமில் விளையாட்டின் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை கற்றுக்கொண்ட கதை அப்படியே நிலைத்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். நான் முதலில் ஆடிய பதிப்பில் ரஷ்யாவின் கதை, 1917-இல் அந்நாட்டின் இடைக்கால அரசுக்குத் தலைமை வகித்த கெரென்ஸ்கி கொல்லப்படுவதில் தொடங்கும். பின்னர் அந்நாட்டின் வரலாறு முழுவதையும் திருத்தி எழுதி, சாவின்கோவை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஆட்சியில் அமர்த்திவிட்டார்கள். பழைய தொடக்கத்தின் மர்மம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் புதிய ரஷ்யா இன்னும் ஆழமானது என்பதை மறுக்க முடியாது.

ஜெர்மனியை நான் எடுத்தது மூன்றாவது ஆண்டில்தான். அந்த ஆட்டத்தில் 1941-இல், பிரெஞ்சு எல்லையில் பெருந்தாக்குதல் ஒன்றுக்கு அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தபோது, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் காலமானார் என்ற அறிவிப்பு வந்தது. உண்மையில் அவர் 1918-இல் முடி துறந்து, நெதர்லாந்தில் டோர்ன் என்ற சிற்றூரில் இருபதாண்டுக்கு மேல் விறகு வெட்டிக்கொண்டு வாழ்ந்து, அதே 1941-ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று இறந்தார். வென்ற பேரரசராக பெர்லினில் இறந்தாலும், முடியிழந்தவராக டோர்னில் இறந்தாலும் உடலின் வயது ஒன்றுதானே என்று ஆண்டை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டியை மூடி, பட்டத்து இளவரசரின் படம் மேலே வந்து அமர்ந்ததைப் பார்த்துவிட்டு, நிறுத்திவைத்த தாக்குதலைத் தொடங்கினேன்.